நாளை தங்கை வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறாள். என்ன பேசுவது, எப்படி நடந்துகொள்வது?

சாரல்காற்று

வணக்கம். இங்கே இத்தனை வருடமாகப் படித்துவிட்டுப் போகிறவன், எழுதியதில்லை. இன்றைக்கு வேறு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை.

என் தங்கைக்கு இது முதல் பிரசவம். 37 வாரம் முடிந்து இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் வயிற்றில் அசைவே தெரியவில்லை என்றாள். குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார், இடது பக்கம் ஒருக்களித்துப் படு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டுப் பதினோரு மணிக்கு மேல்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேனில் துடிப்பு இல்லை. மருந்து வைத்து வலி வரவழைத்தார்கள், மறுநாள் விடிகாலையில் பிறந்தது. பெண் குழந்தை, 2 கிலோ 600 கிராம்.

தங்கைக்குக் காட்டவில்லை. பார்த்தால் மறக்க முடியாது, வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், மயக்கத்தில் இருந்த அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. மச்சான், சித்தப்பா, நான் மூன்று பேரும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். காரில் என் மடியில்தான் வைத்திருந்தேன். துணியை விலக்கி முகத்தைப் பார்த்தேன். தலை நிறைய முடி.

நேற்று ஆஸ்பத்திரியில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு "அண்ணே, பாப்பா யாரு மாதிரி இருந்தா?" என்று கேட்டாள். நான் வெளியே எழுந்து வந்துவிட்டேன்.

நாளை டிஸ்சார்ஜ். அம்மா தொட்டில் கட்டுவதற்காகத் துவைத்து மடித்து வைத்திருந்த தன் பழைய நூல் சேலை, மச்சான் வாங்கிய கொசுவலை, சின்னச் சின்னச் சட்டைகள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார்கள். இந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். இது சரியா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிரசவவார்டு_அக்கா

தம்பி, நான் 14 வருடமாகப் பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். முதலில் அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தக் குழந்தையின் முகத்தை நன்றாகப் பார்த்த ஆள் உங்கள் வீட்டில் நீங்கள் ஒருவர்தான் போலிருக்கிறது. தலைமுடி எப்படி இருந்தது, மூக்கு யாருடையது, கை விரல் எப்படி, எந்தத் துணியில் சுற்றினீர்கள், எந்த இடத்தில் வைத்தீர்கள், மண்ணைத் தள்ளும்போது யார் பக்கத்தில் இருந்தார்கள், எல்லாம் சொல்லுங்கள். அழுதுகொண்டே சொன்னாலும் பரவாயில்லை. ஒன்பது மாதம் சுமந்தவளுக்குத் தன் பிள்ளையின் முகம் தெரியாமல் இருப்பதைவிடப் பெரிய வேதனையை நான் வார்டில் பார்த்ததில்லை.

காலதாமதம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சில மணி நேரத்தால்தான் போனது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அசைவு நின்றுபோனதை அவள் உணர்ந்த நேரத்திலேயே எல்லாம் முடிந்திருக்கலாம். யாரும் யாரையும் அதற்காகக் குத்திக்காட்ட வேண்டாம், நீங்களும் உங்களைக் குத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் இதைப் படிக்கிற மற்ற கர்ப்பிணிகளுக்கும் சொல்லிவிடுகிறேன்: அசைவு குறைந்தது போலத் தெரிந்தால் ஜூஸ் குடித்துக் காத்திருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும்.

அடுத்து உடம்பு. இதைத்தான் வீட்டில் மறந்துவிடுகிறார்கள். குழந்தை இல்லையென்றாலும் அவள் பிள்ளை பெற்றவள், பச்சை உடம்பு. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் பால் சுரக்கும். யாரும் சொல்லி வைக்காவிட்டால் நடுராத்திரியில் சட்டை நனைந்து எழுந்து உட்கார்ந்து என்னவென்று புரியாமல் கதறுவாள், அந்தக் காட்சி எனக்குப் பழக்கம். இன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள், பால் சுரப்பதை நிறுத்த கேபர்கோலின் என்ற மாத்திரை இருக்கிறது, பிரசவமான முதல் நாளில் கொடுத்தால் நன்றாகக் கேட்கும், ரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். கட்டிக்கொண்டால் குளிர்ந்த துணி வைக்கலாம், நன்றாகத் தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை போடலாம், வலி தாங்காவிட்டால் கொஞ்சம் மட்டும் பீய்ச்சலாம், முழுவதும் எடுத்தால் இன்னும் சுரக்கும். நம் பாட்டிமார் மல்லிகைப் பூவை மார்பில் கட்டுவார்களே, அது சும்மா இல்லை. 1988இல் வேலூரில் டாக்டர்கள் மல்லிகையையும் அப்போது கொடுத்துவந்த மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்து ஆய்வாகவே எழுதியிருக்கிறார்கள், பால் கட்டுவது குறைந்தது என்று. பூண்டு, பால்சுறாப் புட்டு இதெல்லாம் பால் ஊறுவதற்காகக் கொடுப்பவை, இப்போது வேண்டாம். மற்றபடி பத்தியச் சாப்பாடு, வெந்நீர்க் குளியல், ஓய்வு எல்லாம் குழந்தை இருந்தால் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள். "இனி எதுக்குப் பத்தியம்" என்று ஒரு பெரியம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன், அந்தப் பெண் அப்படியே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவளுடைய ரத்த வகை நெகட்டிவ் என்றால், அடுத்த பிள்ளைக்குச் சிக்கல் வராமல் தடுக்கிற ஆன்ட்டி டி ஊசி போட்டார்களா என்று உடனே கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். குழந்தை இறந்து பிறந்தாலும் அது தேவைப்படலாம், அந்தத் துக்கத்தில் விட்டுப்போகக் கூடாது. காய்ச்சல், நாற்றத்துடன் உதிரம், ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைவது, இதில் எது வந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

கொடிக்கால்

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. நான் அறுபதைத் தாண்டியவன். எனக்கு உங்கள் அம்மா செய்ததில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. பெரியவர்கள் காட்டாதே, பேசாதே என்று சொன்னது கல்நெஞ்சால் அல்ல. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இப்படி ஒன்றிரண்டு போனது, அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தால் மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது? ஆறுகிற புண்ணைக் கிளறாதீர்கள் என்பதுதான் என் எண்ணம்.

பத்தொன்பது_வருடம்

கொடிக்கால் ஐயா, உங்களை மறுத்துப் பேசுவதற்காக எழுதவில்லை. ஆனால் நான் அந்தப் பக்கம் இருந்தவள்.

என் மகனுக்கு இந்த ஆவணியோடு 19 வயது முடிந்திருக்கும். எனக்கும் காட்டவில்லை. மாமியார் முந்தானையால் மூடிக்கொண்டு போனார்கள், ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. பாதம். ஐந்து விரல். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. பார்த்தால் மறக்க முடியாது என்றார்கள். நானோ பார்க்காததால்தான் மறக்க முடியாமல் இருக்கிறேன், ஒவ்வொரு வருடமும் அவனுக்கு ஒரு முகம் நானாக வரைந்து பார்க்கிறேன், ஒரு வருடம் என் அப்பா சாயல், ஒரு வருடம் அவர் சாயல்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கு எல்லாரும் சிரித்த முகமாக டிவி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் மனசு நோகக் கூடாதென்று. ஊரில் யார் இறந்தாலும் வாசலில் பந்தல், ஒப்பாரி, கட்டிப்பிடித்து அழ நாலு பேர், பதினாறாம் நாள் என்று எல்லாம் உண்டு. என் பிள்ளைக்கு ஒருத்தரும் வாய்விட்டு அழவில்லை. நான் அழுதாலும் "அழாத, உடம்புக்கு ஆகாது" என்று வாயை அடைத்தார்கள். அப்படியென்றால் பிறந்தது பிள்ளை இல்லையா, நான் பெற்றது என்ன என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தம்பி, என்ன பேசக் கூடாதென்று கேட்டால் நான் வாங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். "வயசு இருக்கு, அடுத்த வருஷமே பெத்துக்கலாம்." "நல்லவேளை, வளர்ந்து ஆளாகிப் போயிருந்தா இன்னும் கஷ்டம்." "தாயாவது பிழைச்சாளே." "கிரகணத்தன்னிக்கு வெளிய போனியாமே." "பப்பாளி தின்னியா?" கடைசி இரண்டையும் யாராவது உங்கள் வாசலில் நின்று சொன்னால் தயவுசெய்து உள்ளே விடாதீர்கள். முதல் மூன்றும் நல்ல மனசோடு சொல்வதுதான், ஆனாலும் சுடும்.

பிடித்தது எதுவென்றும் சொல்கிறேன். எதிர்வீட்டு ஆச்சி ஒருத்தர்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டு "புள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்னு இருந்த?" என்று கேட்டார். நான் சொன்னேன். அந்தப் பெயரை அவர் ஒருமுறை திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான். அவர் போய்ச் சேர்ந்தும் பத்து வருடமாகிறது, நான் இன்றைக்கும் அவருக்காக வேண்டிக்கொள்கிறேன்.

அப்புறம் ஒன்று. அதற்கப்புறம் மூன்று வருடம் எந்த வளைகாப்புக்கும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்திருப்பேன். கூப்பிடாமல் விட்டதுதான் கொன்றது. உங்கள் தங்கைக்கு அதை நடக்க விடாதீர்கள்.

சாரல்காற்று

எல்லாருக்கும் நன்றி. அக்கா, அம்மாவிடம் இப்போதே போன் செய்து கேட்டுவிட்டேன், மாத்திரை நேற்றே கொடுத்திருக்கிறார்கள். ரத்த வகை பாசிட்டிவ். நாளை வந்ததும் சொல்லிவிடுகிறேன் அவளிடம். தைரியம் வர வேண்டும்.

நாலாம்நாள்_வேலைக்குப்போனவன்

மச்சானை யாராவது கவனிக்கிறீர்களா?

எனக்கு 2018இல் நடந்தது, 33 வாரம். வருகிறவர்கள் எல்லாரும் "அவ எப்படி இருக்கா? நீதான் தைரியமா இருந்து அவளைப் பாத்துக்கணும்" என்றுதான் சொன்னார்கள். ஒருவர்கூட நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. குழி வெட்டியது நான். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், என் பிள்ளைக்கு நான்தான் வெட்டுவேன் என்று வாங்கி வெட்டினேன், ஒரு முழம்கூட அகலம் தேவைப்படவில்லை. அந்த மண்வெட்டியின் கனம் இன்னும் கையில் இருக்கிறது. நாலாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன், வீட்டில் இருக்க முடியவில்லை. மனைவி அதை வேறுமாதிரி எடுத்துக்கொண்டாள். இவருக்கு வருத்தமே இல்லை என்று. இரண்டு பேரும் ஒரு வருடம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவள் அழுதால் நான் வெளியே போவேன், நான் அழுவது பைக்கில் போகும்போது, ஹெல்மெட்டுக்குள்ளே.

உங்கள் மச்சானைத் தனியாக ஒரு டீ குடிக்கக் கூட்டிப்போங்கள். பேசச் சொல்ல வேண்டாம், கூட இருங்கள்.

கடைசியில் என் மாமனார்தான் வழி காட்டினார். எங்கள் ஊர்ப் பக்கம் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள், இரண்டு கல் நிறுத்தி மேலே ஒரு கல் படுக்கையாக வைத்திருப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக வைத்தது அது, இறக்காத சுமையை இறக்கிவைக்கட்டும் என்று. அதைக் காட்டி, "நம்ம ஆளுங்க இதையெல்லாம் மறைச்சு வைக்கல மாப்ள, ரோட்டுல வெச்சாங்க" என்றார். நாங்கள் கல் வைக்கவில்லை, அடக்கம் செய்த இடத்தில் ஒரு நாவல் கன்று வைத்தோம். இப்போது இரண்டு ஆள் உயரம்.

மழைவிட்டும்தூவானம்

நான் லண்டனில் இருந்து எழுதுகிறேன், ஊர் யாழ்ப்பாணம். எனக்கு மகன், 39 கிழமையில் (வாரத்தில்) போனவன். இங்கே நடந்ததைச் சொன்னால் யாருக்காவது உதவும் என்று நினைக்கிறேன்.

இதற்கென்றே பயிற்சி எடுத்த ஒரு மருத்துவமாது வந்து எங்களோடு ஆறுதலாகக் கதைத்தா. பிள்ளையைப் பார்க்க விருப்பமா, தூக்க விருப்பமா என்று கேட்டா. கட்டாயப்படுத்தவில்லை. நான் முதலில் மாட்டேன் என்றேன், சரி என்று போய்விட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் வந்து மெதுவாகக் கேட்டா. அப்போது தரச் சொன்னேன். குளிரூட்டிய ஒரு சின்னத் தொட்டில் இருக்கிறது, அதில் பிள்ளையை வைத்தால் உடம்பு கெடாமல் இருக்கும், இரண்டு இரவு எங்களோடேயே அறையில் இருந்தான். கால் தடம், கைத் தடம் மையில் எடுத்து ஒரு பெட்டியில் போட்டுத் தந்தார்கள், ஒரு சுருள் முடி, கையில் கட்டின பட்டி, போர்த்தின துணி. 24 கிழமை தாண்டி இறந்து பிறந்தால் இங்கே பெயரோடு பதிவு செய்து பத்திரமும் தருகிறார்கள். சாண்ட்ஸ் என்று 1978இல் தொடங்கின ஒரு அமைப்பு இருக்கிறது, பிள்ளையை இழந்த தாய் தகப்பன்மாரே தொடங்கினது, அவர்களோடு தொலைபேசியில் அழுதுகொண்டே கனநேரம் கதைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேணும். வீட்டுக்கு வந்த பிறகு எங்கட சனம் ஒருவரும் வரவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் வராமல் விட்டார்களாம். கோயிலில் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிப் போனார்கள். அண்ணா, உங்கட ஊரில் ஆட்கள் வருவார்கள்தானே, அது பெரிய விசயம். வரட்டும். ஒன்றும் சொல்லத் தெரியாவிட்டால் "எனக்கு என்ன சொல்வதென்று தெரியேல்லை" என்று சொல்லிவிட்டு இருக்கட்டும், அதுவே காணும்.

பெட்டி, கால் தடம் எல்லாம் ஒரு காசும் பெரிதாகச் செலவில்லாத வேலை. ஸ்டாம்ப் மையும் ஒரு வெள்ளைத் தாளும் போதும். இதை வாசிக்கிற மருத்துவமனை ஆட்கள் யாரும் இருந்தால் தயவுசெய்து செய்யுங்கோ.

பிரசவவார்டு_அக்கா

இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எங்கள் வார்டில் தனி அறை கிடையாது. குழந்தையை இழந்தவளையும் குழந்தை பெற்றவளையும் அடுத்தடுத்த கட்டிலில்தான் போட வேண்டியிருக்கிறது. பக்கத்துக் குழந்தை அழுதால் இவளுக்குப் பால் கசியும். என்னால் முடிந்தவரை கடைசிக் கட்டிலுக்கு மாற்றி, நடுவில் ஒரு திரை கட்டிவிடுவேன். உறவினர்கள் கேட்டால் இன்னும் சுலபமாக மாற்றலாம், கேளுங்கள், கேட்பது தப்பில்லை. கால் தடம் எடுப்பதை நாளையிலிருந்து நான் ஆரம்பிக்கிறேன். மை இருக்கிறது, தாள் இருக்கிறது, இத்தனை நாள் தோன்றவில்லை.

கணக்குப்பிள்ளை_மகள்

மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தங்கை வேலைக்குப் போகிறவரா என்று நீங்கள் எழுதவில்லை, போகிறவர் என்றால் இது முக்கியம். பல கம்பெனிகளில் குழந்தை இல்லையே, ஆறு வாரம்தான் விடுப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த ஆறு வாரம் கருச்சிதைவுக்கு. மகப்பேறு நலன் பற்றிய சட்டத்தில் "குழந்தை" என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும் என்றுதான் எழுதியிருக்கிறது, 26 வாரத்துக்குள் போனால்தான் அது கருச்சிதைவு. 37 வாரம் என்பது பிரசவம். ஆகவே முதல் பிரசவத்துக்கு உரிய 26 வார விடுப்பு அவருக்கு உண்டு. இ.எஸ்.ஐ.யிலும் அப்படித்தான், 26 வாரத்துக்குப் பிறகு குழந்தை உயிரோடு பிறந்தாலும் இல்லாவிட்டாலும் பிரசவம்தான். மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு இப்படி நேர்ந்தால் 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022 செப்டம்பரில் ஆணை வந்தது.

போன வருடம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் இதற்காக என் முன்னால் வந்து நின்று ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தாள். கை நடுங்கியது. அவளை வரவைத்திருக்கவே கூடாது. தங்கையைப் போகச் சொல்லாதீர்கள், நீங்களோ மச்சானோ டிஸ்சார்ஜ் சீட்டு நகலோடு போய்ப் பேசுங்கள்.

பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. 28 வாரம் தாண்டி இறந்து பிறந்தால் அதையும் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், படிவம் 3, ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அவர்களே அனுப்புவார்கள். அனுப்பினார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பதுநாள்_அம்மா

என் மகள் ஒன்பது நாள் இருந்தாள். 29 வாரத்தில் பிறந்தவள், இன்குபேட்டரில் ஒரு கையால் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு. எங்கள் கதை கொஞ்சம் வேறு. உயிரோடு பிறந்து போனால் பிறப்பு, இறப்பு இரண்டும் பதிவாகும், இரண்டு சான்றிதழ். ஒரே ஜன்னலில் ஒரே நாளில் என் கணவர் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

எனக்குப் பால் நிறுத்த மனமில்லை. ஒன்பது நாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவள் போன பிறகும் நேரம் வந்தால் கை தானாகப் பாத்திரத்தைத் தேடும். அங்கே தாய்ப்பால் வங்கி இருந்தது. நான் கொடுக்கலாமா என்று கேட்டேன். மூன்று வாரம் கொடுத்தேன், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். எல்லாருக்கும் இது ஒத்துவராது, சிலருக்கு நினைத்தாலே தாங்காது. எனக்கு உதவியது.

சொல்ல வந்தது வேறு. தடுப்பூசி நாள் வந்துவிட்டது என்று போனில் செய்தி வரும். கர்ப்பத்தின்போது போட்டுவைத்த ஆப் "உங்கள் குழந்தைக்கு ஒரு மாதம்" என்று சொல்லும். கிராம சுகாதாரச் செவிலியர் கணக்கெடுக்க வந்து விஷயம் தெரியாமல் "பாப்பா தூங்குதா?" என்று கேட்பார். இதையெல்லாம் நீங்கள் முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணன் செய்கிற வேலை இதுதான். செவிலியரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஆனால் போனைப் பிடுங்கி நீங்களாக எதையும் அழிக்காதீர்கள், வயிறு தெரிகிற போட்டோவைக்கூட. அவளிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கொடிக்கால்

இரண்டு நாளாக இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கும் மூத்தது ஒன்று தங்கவில்லை, 1983இல். இத்தனை பேர் எழுதியதைப் பார்த்துவிட்டு நேற்று ராத்திரி என் வீட்டம்மாவிடம், "உனக்கு அந்தப் புள்ள ஞாபகம் வருமா?" என்று கேட்டேன். "எதுக்கு இப்ப அதெல்லாம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டாள். ஆகவே எல்லாருக்கும் பேசுவதுதான் மருந்து என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேச விரும்பாதவர்களும் உண்டு. ஆனால் கேட்காமலே நாமாக முடிவு செய்தது தப்பு என்பதை ஒத்துக்கொள்கிறேன். நாற்பது வருடம் நான் கேட்டதே இல்லை.

பிரசவவார்டு_அக்கா

ஐயா சொல்வது சரிதான். பார் என்று கட்டாயப்படுத்துவதும் தப்பு, பார்க்காதே என்று மறைப்பதும் தப்பு. கேட்க வேண்டும், வேண்டாமென்றால் விட வேண்டும், பிறகு ஒருமுறை மறுபடியும் கேட்க வேண்டும்.

சாரல்காற்று

ஆறு நாளாகிறது. எழுத நேரமில்லை, மன்னிக்கவும்.

வந்த அன்றைக்கே சொன்னேன். மாடி அறையில் அவளும் மச்சானும் நானும். தலைமுடியைச் சொன்னேன். மூக்கு அம்மாவுடையது, கீழுதடு மச்சானுடையது, வலது காதோரம் சின்னதாக ஒரு மச்சம். மச்சம் இருந்தது மச்சானுக்கே தெரியவில்லை. அவர் அப்போதுதான் உடைந்து அழுதார், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்திருக்கிறார். எந்த வேப்பமரத்துக்குப் பக்கத்தில் என்றும் சொன்னேன். தங்கை அழுதாள், ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தாள். "கை மூடியிருந்துச்சா, விரிச்சிருந்துச்சா?" மூடியிருந்தது என்றேன். ஒரு பெயர் வைத்திருந்திருக்கிறாள், எங்களிடம் சொன்னாள். இங்கே எழுதவில்லை.

அம்மா கீழே இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு ஒரே திட்டு. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பக்கத்துத் தெரு அத்தை விஷயம் தெரியாமல் சுறாப்புட்டு செய்து தூக்குவாளியில் கொண்டுவந்துவிட்டார்கள், வாசலில் வைத்தே அம்மா விஷயத்தைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது, சொல்ல ஆரம்பித்ததும் அம்மாவால் நிறுத்த முடியவில்லை. அத்தை அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்து ராகம் போட்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். தங்கை இறங்கி வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு உடனே பத்தொன்பது_வருடம் அக்கா எழுதியதுதான் ஞாபகம் வந்தது.

ஒரு பயம் இருக்கிறது. ராத்திரியில் தூங்குவதே இல்லை. குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது என்கிறாள். எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

பிரசவவார்டு_அக்கா

முதல் சில வாரம் தூக்கம் வராது, குழந்தை அழுவது போலக் கேட்கும், கை கனப்பது போல இருக்கும். நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள், பயப்பட வேண்டாம். சரியாகச் சாப்பிடாமல், குளிக்காமல், யாரோடும் பேசாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நானும் போய்விடுகிறேன் என்பது போல ஒரு வார்த்தை வந்தாலோ காத்திருக்காதீர்கள். கடைசியாகச் சொன்னது என்றால் அன்றைக்கே, தனியாக விடாமல் கூட்டிப்போங்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனை இருக்கிறது, அரசு நடத்துவது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மச்சானும் பேசலாம்.

ஆறாவது வாரம் செக்கப்பை விடாதீர்கள். குழந்தை இல்லாததால் அந்தச் செக்கப்புக்கே பலர் வருவதில்லை. நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்தம் உறைவது சம்பந்தமான சோதனைகள் தேவையா என்று டாக்டர் சொல்வார். பல பேருக்கு எல்லாம் பார்த்தும் காரணம் தெரியாமலே போகும், அதற்கும் மனதைத் தயார் செய்து வையுங்கள். அடுத்த குழந்தை பற்றி அவளே கேட்கட்டும். நீங்கள் யாரும் முதலில் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

பத்தொன்பது_வருடம்

தம்பி, பிறந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த வருடம் அன்றைக்கு ஒரு போன் போடுங்கள், "இன்னிக்கு நம்ம பாப்பா நாள்" என்று சொன்னால் போதும். நான் கார்த்திகை அன்றைக்கு ஒரு அகல் கூடுதலாக வைப்பேன். வீட்டில் யாருக்கும் அது எதற்கென்று தெரியாது. இந்த வருடம் சொல்லிவிடலாமென்று இருக்கிறேன்.

மழைவிட்டும்தூவானம்

சொல்லுங்கோ அக்கா. அக்டோபர் 15 இரவு 7 மணிக்கு இங்கே இப்படிப் பிள்ளைகளை இழந்தவர்கள் எல்லாரும் மெழுகுதிரி கொளுத்துவார்கள், ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த ஏழு மணிக்கு. இந்த முறை உங்கட மகனுக்கும் சேர்த்துக் கொளுத்துகிறேன்.

சாரல்காற்று

இன்றோடு முப்பத்தெட்டு நாள்.

போன வாரம் தங்கை என்னைப் பரணில் ஏறச் சொன்னாள். மூட்டையை இறக்கிக் கொடுத்தேன். சட்டைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறுபடி கட்டிவிட்டாள், கொசுவலையைத் தொடவில்லை. தொட்டில் சேலையை எடுத்து நாலாக மடித்துத் தலையணை மேல் விரித்துக்கொண்டாள். அது அம்மாவின் சேலை, எங்கள் இரண்டு பேரையும் அதில்தான் போட்டு ஆட்டினார்களாம். நேற்று அம்மா துவைத்துத் தருகிறேன் என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் தூங்குகிறாள்.

மச்சானும் நானும் வாரத்தில் இரண்டு நாள் டீக்கடைக்குப் போகிறோம். அவர் அதிகம் பேசுவதில்லை. விடுப்புக்கான தாள்களை அவளுடைய அலுவலகத்தில் கொடுத்தாகிவிட்டது, முதலில் ஆறு வாரம்தான் என்றார்கள், நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன், மேலே கேட்டுவிட்டு 26 வாரத்துக்கு ஒத்துக்கொண்டார்கள்.

வருகிற வியாழக்கிழமை ஆறாவது வாரச் செக்கப். நஞ்சுக்கொடி ரிப்போர்ட் வந்துவிட்டது, இன்னும் பிரிக்கவில்லை, டாக்டர் முன்னால் பிரிக்கலாம் என்கிறாள். நாலு பேருமாகப் போகிறோம், அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்கள். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.